புதிய விடுதிகளுக்குச் சோலைவரி விலக்கு: ஹட்டன் நகருக்கு இலாபமா, இழப்பா?

சிங்கமலை:
டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலைக்குப் போகும் ஏராளமானோர் ஹட்டன் புகையிரத நிலையத்தில் இறங்கித்தான் மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் பஸ் ஏறுகிறார்கள். ஒரு தேநீரும் இரண்டு வடையும் வாங்குவதோடு நம் ஊருக்கும் அவர்களுக்குமான கொடுக்கல் வாங்கல் முடிந்துவிடுகிறது. இரவு தங்கிச் செலவழிப்பதற்கு நுவரெலியாவுக்கும் எல்லவுக்கும் போய்விடுகிறார்கள். ஆகவே புதிதாகக் கட்டப்படும் விடுதிகளுக்கு முதல் 5 ஆண்டுகளுக்கு நகர சபை, கட்டடங்களுக்கு அறவிடும் சோலைவரியை விலக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். 1978 முதல் முதலீட்டாளர்களுக்கு வரி விடுமுறை கொடுத்துத்தான் கட்டுநாயக்கவில் தொழிற்சாலைகளைக் கொண்டுவந்தார்கள். அந்த வழி நமக்கு ஏன் மறுக்கப்பட வேண்டும்? நம் பிள்ளைகள் கொழும்புக் கடைகளில் வேலைக்கு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

டிக்கோயா ஆசிரியை:
சிங்கமலை அவர்களே, உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆனால் கட்டுநாயக்கவில் விலக்கப்பட்டவை வருமான வரியும் இறக்குமதித் தீர்வையும். அவை திறைசேரிக்குரியவை, அந்த இழப்பை நாடு முழுவதும் பகிர்ந்துகொண்டது. நகர சபையின் நிலை வேறு. ஊழியர் சம்பளத்துக்கு அரசு நிதி வருகிறது. முத்திரைக் கட்டணமும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாண சபை வழியாகக் கைக்கு வரவேண்டும். சபை தானே அறவிட்டுத் தானே செலவழிக்கக்கூடியவை சோலைவரி, வியாபார அனுமதிக் கட்டணம், கடை வாடகை போன்ற சிலவே.

இன்னொன்றையும் கணக்கிட்டுப் பாருங்கள். சோலைவரி கட்டடத்தின் வருடாந்தப் பெறுமதியில் ஒரு குறிப்பிட்ட வீதம் மட்டுமே. காணி விலையோடும் வங்கி வட்டியோடும் ஒப்பிட்டால் விடுதி கட்டுபவருக்கு அது சிறு தொகை. அதற்காக ஒருவர் எல்லவை விட்டு இங்கே வரமாட்டார். சபைக்கோ அது தெருவிளக்கும் குப்பை லொறியின் டீசலும்.

நல்லதண்ணி வழிகாட்டி:
ஒரு தகவலை மட்டும் சேர்க்கிறேன். சுற்றுலா அதிகார சபையில் பதிவு பெற்ற விடுதிகளிடமிருந்து முந்திய ஆண்டு வருமானத்தில் 1 வீதம் வரை அறவிட உள்ளூராட்சி மன்றங்களுக்குச் சட்டத்தில் இடமுண்டு. யாத்திரைக் காலம் முடிந்ததும் மலைப்படிகளின் ஓரமெல்லாம் வெற்றுத் தண்ணீர்ப் போத்தல்கள் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி மூட்டை கட்டிக் கீழே சுமந்துவர ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்பதை, விலக்குக் கேட்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

சிங்கமலை:
அந்த 1 வீதத்தைத் தொட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் கேள்வி எளியது: இன்று வெறுங்காணியாகக் கிடக்கும் இடத்தில் விடுதியே எழாவிட்டால் அதற்குரிய சோலைவரி எங்கிருந்து வரும்? வராத பணத்தை இழப்பு என்று எப்படி எழுதுவது? ஆறாவது ஆண்டிலிருந்து முழு வரி வரும். வேலைக்கு எடுப்பவர்களில் பெரும்பாலோர் சுற்றியுள்ள தோட்டங்களைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும், மீறினால் விலக்கிய வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற விதியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

டிக்கோயா ஆசிரியை:
வரி ஆறாவது ஆண்டில் வரும்; செலவு முதல் நாளே வந்துவிடும். விடுதியின் குப்பையை எங்கே கொட்டுவது? நகர எல்லையைத் தாண்டினால் நாற்புறமும் தோட்டக் காணி. 1992 முதல் அந்தக் காணிகள் பெருந்தோட்டக் கம்பனிகளின் குத்தகையில் இருப்பதால், குப்பை கொட்ட ஒரு துண்டு நிலம் வேண்டுமென்றாலும் கம்பனியின் இணக்கம் தேவைப்படுகிறது. 30 அறை விடுதியின் சமையலறைக் கழிவு இதற்கு மேல்தான் வந்து சேரும்.

தோட்ட மக்களைப் பற்றிச் சொன்னீர்கள், அதையும் பேச வேண்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க இடம் தரவில்லை என்று காட்டி, லயன்களுக்குள் பாதை போடவும் பணமில்லை என்று நம்மை எத்தனை ஆண்டுகள் திருப்பி அனுப்பினார்கள்! 2018இல் அது திருத்தப்பட்டது. பிரதேச சபைகளுக்குக் கடமை வந்தது, அதற்கேற்ற வருமானம் வரவில்லை. எங்கள் மக்களுக்குச் செலவழிக்க இல்லாத பணத்தை விடுதி முதலாளிக்கு விட்டுக்கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது. தலைமுறையாக நடக்கும் பழைய விடுதிக்காரர் ஜனவரி 31க்கு முன் முழு ஆண்டு வரியையும் கட்டி, எல்லாருக்கும் உரிய 10 வீதத் தள்ளுபடியை மட்டும் பெறுகிறார். பக்கத்தில் எழும் புதியவருக்கு முழு விலக்கு என்றால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

சிங்கமலை:
பழைய விடுதிக்காரர் பற்றிய வாதத்துக்கு வலு இருக்கிறது. அப்படியானால் 2 ஆண்டுகளுக்குப் பாதி வரி, பழைய விடுதியில் அறைகளைப் பெருக்குவோருக்கும் அதே சலுகை. இதையும் மறுக்கிறீர்களா?

டிக்கோயா ஆசிரியை:
மறுக்கிறேன். சபை ஒரு சதமும் இழக்காமல் கொடுக்கக்கூடிய சலுகை இருக்கிறது: கட்டட வரைபட அனுமதியைக் குறித்த நாளுக்குள் கொடுப்பது. விண்ணப்பம் எந்த மேசையில் கிடக்கிறது என்று தெரியாமல் மாதக்கணக்கில் அலைபவருக்கு அதுவே பெரிய உதவி. மே 2025இல் உள்ளூராட்சித் தேர்தல் நடந்ததால் இப்போது கேள்வி கேட்கத் தெரிவான உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

சிங்கமலை:
நாள் குறிப்பதை முழு மனத்தோடு வரவேற்கிறேன். பாதி வரிக் கோரிக்கையையும் கைவிடவில்லை. ஆனால் மண்சரிவு அபாயம் குறித்துத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தரும் சான்றிதழை மட்டும் எந்தக் கெடுவுக்குள்ளும் அடக்கக் கூடாது. அதற்கு எத்தனை நாள் எடுக்குமோ அத்தனை நாளும் முதலீட்டாளர் காத்திருக்கத்தான் வேண்டும்.