வீட்டுக்குள் டவர் எடுக்கவில்லை, அம்மாவுக்கு அழைப்பே போவதில்லை

நத்தத்துப் பெண்:
வணக்கம். திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் எங்கள் வீடு. 68 வயது அம்மா அங்கே தனியாக இருக்கிறார், நான் கோவையில். ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டால் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றே வருகிறது. வாசலில் துவைக்கிற கல் பக்கம் நின்றால் மூன்று கோடு, அடுப்படிக்குள் ஒன்றுகூட இல்லை. சிம்மைக் கழற்றித் துடைத்தோம், என் போனில் போட்டும் பார்த்தோம். அதே கதைதான். கடையில் 4,000 ரூபாய்க்குச் சிக்னலைக் கூட்டுகிற பூஸ்டர் வாங்கச் சொல்கிறார்கள். 'வோல்ட்டி' போடு என்கிறார்கள், அது என்ன? அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, பயமாக இருக்கிறது.

சர்வீஸ் கடைக்காரர்:
பயப்படாதீர்கள் அம்மா. இரண்டு போனிலும் அப்படியே என்றால் போனில் கோளாறு இல்லை. பூஸ்டர் வேண்டாம், உரிமம் இல்லாமல் வைப்பது நம் நாட்டில் சட்டப்படி தப்பு, அக்கம்பக்கத்து சிக்னலையும் அது கெடுக்கும்.

கோடுகளை நம்பாதீர்கள். ஒவ்வொரு கம்பெனியும் தன் கணக்குக்கு வரைகிறது. செட்டிங்ஸில் 'போனைப் பற்றி', அதற்குள் 'சிம் நிலை' பாருங்கள். சிக்னல் வலுவைக் காட்ட டிபிஎம் என்று மைனஸில் ஓர் எண் இருக்கும். 4ஜியில் -90 நல்லது, -115-க்கும் கீழே போனால் பேச்சு அறுந்து அறுந்து வரும். எண் பத்து குறைந்தால் சிக்னலில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். இடம் இடமாக நின்று குறித்துக்கொண்டு வாருங்கள்.

நத்தத்துப் பெண்:
இந்த வாரம் ஊருக்கு வந்து பார்த்தேன் அண்ணா. துவைக்கிற கல் -96, கூடம் -117, அடுப்படி -121. பங்குனியில் மொட்டை மாடிக்குத் தகர ஷீட் போட்டோம். சாரல் அடிக்குமென்று மேற்குப் பக்கம் ஜன்னலை மறைக்கிற அளவுக்கு இறக்கிவிட்டிருக்கிறோம். டவரும் மேற்கேதான். அதனாலா?

சர்வீஸ் கடைக்காரர்:
அதேதான். தகரம் அலையைத் திருப்பி அடித்துவிடும். கல்லுக்கும் அடுப்படிக்கும் 25 வித்தியாசம், அதாவது 300 மடங்குக்கு மேல் குறைவு. ஜன்னலுக்கு நேரே உள்ள தகரத்தை எடுத்துவிட்டு ஃபைபர் ஷீட் போடுங்கள். சாரலைத் தடுக்கும், அலையை விடும்.

மாடிவீடு:
தோழி, வோல்ட்டி என்றால் 4ஜி வழியாகவே குரல் போவது. உங்கள் கம்பெனிக்கு 4ஜி மட்டும் இருந்து வோல்ட்டி அணைந்திருந்தால் சாதாரண அழைப்பே வராது, எப்போதும் போட்டு வையுங்கள். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் 'வைஃபை காலிங்' போடுங்கள், டவருக்குப் பதில் வைஃபை வழியாகக் குரல் போகும். நம்பர் அதேதான், தனி ஆப் வேண்டாம். என் மாமியார் வீட்டில் டவரே கிடையாது, இரண்டு வருடமாக இப்படித்தான் பேசுகிறோம். இன்னொன்று: கம்பெனிக்குக் கம்பெனி அலை மாறும்; 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் 2300-ஐ விட நன்றாகச் சுவரைத் தாண்டி வரும். பக்கத்து வீட்டார் வேறு கம்பெனி சிம் வைத்திருந்தால் அதை அடுப்படியில் வைத்துப் பாருங்கள்.

நத்தத்துப் பெண்:
மேற்கே மூன்று தகரத்தை எடுத்து ஃபைபர் போட்டாயிற்று. கூடம் -101, அடுப்படி -106. நேற்று எட்டு மணிக்குக் கூப்பிட்டேன், இரண்டாவது மணியிலேயே எடுத்தார். தோசை திருப்புகிற சத்தம்கூடக் கேட்டது. ரொம்ப நன்றி அண்ணா, நன்றி தோழி.