பெனா அரண்மனை: உள்ளே போகணுமா, தோட்டம் மட்டும் போதுமா?

நங்கநல்லூர் நடையன்:
போர்ச்சுகல்ல லிஸ்பன் போற சென்னைக்காரங்க ஒரு நாள் பக்கத்து ஊரான சிந்த்ராவுக்கு ஒதுக்கினா, மலை உச்சியில இருக்கிற பெனா அரண்மனைக்குள்ள வரிசையில நிக்க வேண்டாம்ங்கிறதுதான் என் கட்சி. பூங்காவுக்குத் தனி டிக்கெட் உண்டு. 85 ஹெக்டேர், நம்ம கிண்டி தேசியப் பூங்காவில கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு.

அடையாறு ஆலமரம்:
ஒத்துக்க முடியாது சார். அவ்வளவு தூரம் போய் வெளியிலேயே திரும்புறதா? சிவப்பு நிறப் பகுதி பழைய மடாலயம். 1755 நிலநடுக்கத்துல சிதைஞ்சு கிடந்ததை போர்ச்சுகல் மன்னர் இரண்டாம் பெர்டினாண்டு 1838-ல வாங்கிச் சீர்படுத்தினார். மஞ்சள் பகுதி அவர் புதுசா எழுப்பினது. மடாலயத்தின் 16-ஆம் நூற்றாண்டு முற்றம் உள்ளே போனாத்தான் தெரியும். கூட்டத்துக்குப் பயந்தா காலையில முதல் நேரத்துக்கு டிக்கெட் எடுங்க.

நங்கநல்லூர் நடையன்:
அங்கேதான் பலர் கோட்டை விடுறாங்க. டிக்கெட்ல போட்டிருக்கிறது அரண்மனை வாசல்ல நிக்க வேண்டிய நேரம், பூங்கா கேட் நேரம் இல்லை. கேட்லருந்து அரை மணி ஏற்றம். தாமதமானா விடமாட்டாங்க. லிஸ்பன் ரோசியூ ஸ்டேஷன்லருந்து சிந்த்ராவுக்கு ரயில் 40 நிமிஷம், அப்புறம் மலைக்குப் போற 434 பஸ்ஸுக்கு வரிசை. லிஸ்பன்லருந்து அன்னைக்கே கிளம்பினா முதல் நேரம் இடிக்கும். 11 மணின்னா 8.50-க்குள்ள ரயில் ஏறிடணும்.

பெரம்பூர் பயணி:
மூடுபனியை ரெண்டு பேரும் விட்டுட்டீங்க. அட்லாண்டிக்கின் ஈரக் காத்து மலையில மோதி மேலே ஏறிக் குளிர்ந்துடும். லிஸ்பன்ல வெயில் அடிக்கும்போதே உச்சி வெள்ளையா மூடிக்கும். அன்னைக்கு 528 மீட்டர் உயரத்துல இருக்கிற க்ரூஸ் ஆல்டா சிகரத்துக்கு ஏறி ஒண்ணும் தெரியாது, கல்லும் வழுக்கும். ஜூன்லயும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க.

நங்கநல்லூர் நடையன்:
பனி இருந்தா பூங்காவுல இருக்கிற பெரணி (fern) பள்ளத்தாக்கு இன்னும் அழகு. பூங்காவோட மேற்குப் பக்கம், பெர்டினாண்டின் இரண்டாவது மனைவி எட்லா சீமாட்டியின் சாலே (ஆல்ப்ஸ் பாணி மலை வீடு) இருக்கு. தூரத்துலருந்து மரவீடுன்னு நினைப்போம். கிட்டப் போனா பலகை எல்லாம் சுவர்ல தீட்டின வண்ணம், ஓரங்கள்ல கார்க் மரப்பட்டை. 1999-ல எரிஞ்சுபோச்சு, சீரமைச்சு 2011-ல திறந்தாங்க. அரண்மனை வரிசையில நேரம் போச்சுன்னா இதுதான் விட்டுப்போகும்.

அடையாறு ஆலமரம்:
சாலேயைப் பார்க்கணும்தான், ஆனா அதுக்காக அரண்மனையை விட வேண்டியதில்லை. பெரியவங்களோட போறவங்களுக்குக் கேட்லருந்து மேலே ஷட்டில் வண்டி ஓடுது, தனிக் கட்டணம். முதல்ல அரண்மனையை முடிங்க. கால் வலிக்காதவங்க சாலேக்குப் போயிட்டு வரட்டும். மத்தவங்க ஏரிகள் இருக்கிற பக்கமா இறங்கினா எல்லாமே இறக்கம். கோட்டைக் கோபுரம் மாதிரியே கட்டின வாத்துக் கூண்டுகள் அந்தத் தண்ணிக்கு நடுவுலதான் இருக்கு.