ரீமாஸ்டர் சிடியில் தபலா அடி கேட்கவே இல்லை: ஆம்பிளிஃபயர் கோளாறா, சிடியே இப்படித்தானா?

தமுவே தம்பி:

எல்லாருக்கும் வணக்கம், யாங்கோனிலிருந்து எழுதுகிறேன். அப்பா சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் வாங்கிய தமிழ்ப் படப் பாட்டு சிடிகள் ஒரு பெட்டி நிறைய வீட்டில் இருக்கின்றன, பெரும்பாலும் 80களின் பாட்டுகள். அதில் ஒரு ஆல்பம் ரீமாஸ்டராக, அதாவது பழைய பதிவையே மறுபடி மெருகேற்றி, புதிதாக வந்திருக்கிறது என்று அத்தை மகன் அங்கிருந்து வாங்கி வந்து கொடுத்தான். போட்டதும் பிரமாதமாக இருந்தது, பழையதைவிடப் பளிச்சென்று, சத்தமாக. ஆனால் நாலு பாட்டுக்கு மேல் கேட்க முடியவில்லை. காது களைத்துப் போகிறது, யாரோ பக்கத்தில் நின்று ஓயாமல் பேசுகிற மாதிரி.

ஒரு பாட்டில் முதலில் புல்லாங்குழல் தனியாக வரும், பிறகு வயலின்கள் மொத்தமாக எழும்பும், அதன்மேல் தபலா விழும். பழைய சிடியில் அந்த இடம் வந்தால் உடம்பு சிலிர்க்கும். புதியதில் புல்லாங்குழலே வயலின் கூட்டம் அளவுக்குச் சத்தமாக இருக்கிறது, தபலா விழும்போது அடி தெரிவதில்லை, அதற்குப் பதில் பின்னால் வாசிக்கும் வயலின்கள் ஒரு கணம் அமுங்கி மறுபடி மேலே வருகின்றன. ஸ்பீக்கரை மாற்றிப் பார்த்தேன், அதேதான். மாமா டீக்கடையில் போட்டால் மட்டும் புதியதுதான் நன்றாகக் கேட்கிறது, பழையது பாதி கேட்கவே இல்லை, இது எப்படி என்றும் புரியவில்லை. பிரச்சினை என் சாமானிலா, சிடியிலா? வீட்டில் சரி பண்ண வழி உண்டா?

மோல்மீன்காரன்:

தம்பி, சிடியைக் குறை சொல்லும் முன் இதையெல்லாம் சொல்லுங்கள். கேட்கும்போது கரண்ட் இருந்ததா, இன்வெர்ட்டரில் ஓடியதா? மலிவு இன்வெர்ட்டர் சுத்தமான சைன் அலை தராது, ஆம்பிளிஃபயரில் ஒரு கரகரப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம், கேட்டது அந்த சிடியையேதானா, இல்லை போன் கடையில் மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்த எம்பி3யா? அந்தக் கோப்புகள் எங்கே சுற்றி வந்தவை என்று கடைக்காரருக்கே தெரியாது, யூடியூபில் இறக்கி மறுபடி சுருக்கி "ரீமாஸ்டர்" என்று பெயர் வைத்துவிடுவார்கள். கணினியில் என்றால் விண்டோஸ் சவுண்ட் அமைப்பில் லவுட்னஸ் ஈக்வலைசேஷன் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். போனில் டால்பி, ஈக்வலைசர் எதுவும் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

தமுவே தம்பி:

நன்றி அண்ணே. சிடியேதான், இரண்டையும் நானே கணினியில் தரம் குறையாத ஃபிளாக் கோப்பாக எடுத்து வைத்திருக்கிறேன். எஃபெக்ட் எதுவும் ஆன் இல்லை. ராத்திரி மின்வெட்டில் லேப்டாப் பேட்டரியில் இயர்போன் போட்டும் கேட்டேன், தெருவே அமைதியாக இருந்தது, வித்தியாசம் இன்னும் மோசமாகத் தெரிந்தது. அதே லேப்டாப்பில் பழைய சிடி அருமையாக இருக்கிறது.

கேசட்கடை:

அப்படியானால் உங்கள் சாமானில் ஒன்றுமில்லை. ஒரே கருவியில் ஒன்று நன்றாகவும் இன்னொன்று மோசமாகவும் கேட்டால் கருவியைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. ரீமாஸ்டர் செய்தவர்கள் லிமிட்டர் (சத்தத்தின் உச்சியை ஓர் அளவுக்கு மேல் போகவிடாமல் அமுக்குவது) போட்டு நசுக்கியிருக்கிறார்கள். நீங்கள் சொன்னீர்களே, தபலா விழும்போது வயலின் அமுங்கி எழும்புகிறது என்று, அது லிமிட்டர் அளவுக்கு மீறி வேலை செய்வதன் அடையாளம்.

டிஜிட்டலில் ஒரு கூரை இருக்கிறது, பூஜ்ஜிய டெசிபெல், அதற்கு மேல் ஒரு துளிகூடப் போக முடியாது. பழைய சிடியில் தபலா அடி மட்டும்தான் அந்தக் கூரைக்குப் பக்கத்தில் போகும், பாட்டின் மற்ற பகுதியெல்லாம் கீழே நிம்மதியாக இருக்கும். சத்தத்தைக் கூட்ட வேண்டும், கூரையோ உயராது, அப்போது என்ன செய்வார்கள்? அடியின் உச்சியை வெட்டிவிட்டு மொத்தப் பாட்டையும் மேலே தூக்குவார்கள். 16 பிட் சிடியில் சுமார் 96 டெசிபெல் இடம் இருக்கிறது, இவர்கள் மேலே உள்ள கொஞ்சத்திலேயே எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறார்கள். இந்தச் சத்தப் போட்டி ஜூக்பாக்ஸ் காலத்திலேயே இருந்ததுதான், ஆனால் ரெக்கார்டில் சத்தம் கூட்டினால் பள்ளம் அகலமாகும், ஒரு பக்கத்தில் அடங்கும் நிமிடங்கள் குறையும், ஊசியும் துள்ளும், அதனால் ஓர் எல்லை இருந்தது. 1982இல் சிடி வந்ததும் அந்தத் தடை போனது. 90களின் நடுவில் டிஜிட்டல் லிமிட்டர்கள் ஸ்டுடியோ ஸ்டுடியோவாகப் பரவின, அதன்பின் கேட்பாரில்லை. 2008இல் மெட்டாலிகா என்ற ராக் குழுவின் 'டெத் மேக்னெடிக்' ஆல்பம் வந்தபோது பெரிய சண்டையே நடந்தது, ஏனென்றால் அதே பாட்டுகள் கிட்டார் ஹீரோ விளையாட்டில் நசுங்காமல் வந்திருந்தன, ஜனங்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டுவிட்டார்கள். இப்போது நீங்கள் செய்வது அதேதான்.

நம்பிக்கை வர வேண்டுமானால் ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் இரண்டு கோப்பையும் ஒன்றின்கீழ் ஒன்றாகத் திறங்கள். பழையது முள்ளு முள்ளாக இருக்கும், புதியது செங்கல். தபலா விழும் இடத்தை நன்றாகப் பெரிதாக்குங்கள், அலையின் உச்சி தட்டையாக வெட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம். "கிளிப்பிங் காட்டு" வசதியை மட்டும் நம்பாதீர்கள், அது கூரையைத் தொட்டதை மட்டும்தான் சிவப்பாகக் காட்டும், வெட்டியபின் சத்தத்தைத் துளி இறக்கியிருந்தால் கண்டுபிடிக்காது.

இன்னொன்று முக்கியம், இதைச் செய்யாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்: ஃபூபார்2000 என்ற பாட்டு ஓட்டும் மென்பொருளில் இரண்டுக்கும் ரீப்ளேகெய்ன் ஸ்கேன் (பாட்டின் சத்தத்தை அளந்து எவ்வளவு கூட்ட அல்லது இறக்க வேண்டும் என்று சொல்வது) செய்து, அதை ஆன் பண்ணி, சத்தத்தைச் சமமாக்கிய பிறகு கேளுங்கள். ஒரே பாட்டு ஒரு டெசிபெல் கூடக் கேட்டாலே நம் காது அதைத்தான் நல்லது என்று சொல்லும். முதலில் உங்களுக்குப் பிரமாதமாக இருந்ததற்குக் காரணம் அதுதான்.

சவுண்ட்செட்:

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோயில் திருவிழாக்களுக்கு சவுண்ட் கட்டுகிறவன் நான். பக்கத்தில் ஜெனரேட்டர் அலறும், கூட்டம் பேசும், பிள்ளைகள் கத்தும், அங்கே உங்கள் முள்ளு முள்ளான பாட்டைப் போட்டால் புல்லாங்குழல் யாருக்கும் கேட்காது, அதைக் கேட்க வைக்க வால்யூமைக் கூட்டினால் தபலா விழும்போது ஹார்ன் ஸ்பீக்கரின் காயில் கம்பி எரிந்துபோகும். நசுக்கின பாட்டு எனக்கு வரப்பிரசாதம். தம்பியின் மாமா டீக்கடையிலும் அதே கதைதான், பஸ் சத்தம், கிளாஸ் சத்தம், பக்கத்துக் கடை ஜெனரேட்டர்.

கேசட்கடை:

அண்ணே, நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. இரைச்சலான இடத்தில் நசுக்கியே ஆகவேண்டும். என் சண்டை எல்லாம் அதை எங்கே செய்வது என்பதில்தான். பாட்டு ஓடுகிற இடத்தில் செய்தால் வேண்டாதபோது அணைத்துவிடலாம். உங்கள் ரேக்கிலேயே கம்ப்ரெசர் (சத்தமான, மெதுவான இடங்களுக்கு இடையிலான வித்தியாசத்தைக் குறைப்பது) இருக்குமே. மாமாவிடம் கணினி இருந்தால், பாட்டு ஓட்டும் விஎல்சி மென்பொருளில் ஆடியோ எஃபெக்ட்ஸுக்குள் கம்ப்ரெசர் இருக்கிறது, பழைய சிடியையே அதன்வழி போட்டால் டீக்கடையிலும் கேட்கும். சிடியிலேயே நசுக்கி விற்றுவிட்டால் ராத்திரி அமைதியில் கேட்கிறவன் எங்கே போவான்? டீக்கடைக்குச் செய்ததை வீட்டுக்கும் தலையில் கட்டுகிறார்கள், அதுதான் எரிச்சல்.

பெகு வானொலி:

இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

பழைய சிடி எல்லாம் தங்கம் என்று நினைக்க வேண்டாம். என்னிடம் உள்ள சிலவற்றில் காந்த நாடாவின் இரைச்சல் ஓயாமல் கேட்கிறது, ஒன்றில் இடது பக்கம் வந்து வந்து போகிறது, மூல டேப்பைத் தேடாமல் ஏதோ நகலிலிருந்து எடுத்திருப்பார்கள் போல. ரீமாஸ்டர் என்றாலே கெட்டதும் இல்லை, நல்ல டேப்பைத் தேடி எடுத்து, வேகத்தைச் சரிசெய்து, சத்தத்தில் கை வைக்காமல் விட்டவர்களும் இருக்கிறார்கள். அதனால் அட்டையில் உள்ள வருடத்தைப் பார்த்து வாங்காமல் அளந்து பாருங்கள். ஃபூபாருக்கு டிஆர் மீட்டர் ஒன்று இருக்கிறது, பாட்டின் சத்தமான பகுதிகளின் சராசரிக்கும் உச்சத்துக்கும் எவ்வளவு தூரம் என்று ஓர் எண்ணாகச் சொல்லும். 12, 13 வந்தால் மூச்சு விடுகிறது. 5, 6 வந்தால் நசுக்கல். ஆனால் எல்பி ரெக்கார்டிலிருந்து எடுத்த கோப்பில் இந்த எண்ணை நம்பக் கூடாது, அதே நசுங்கின மாஸ்டரிலிருந்து ரெக்கார்ட் வெட்டியிருந்தாலும் ஊசி வழியாக வரும்போது அலையின் உருவம் மாறி எண் கூடுதலாகக் காட்டும்.

சரி பண்ண முடியுமா என்று கேட்டீர்கள். முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டீகிளிப் என்ற வகை மென்பொருள்கள் வெட்டுப்பட்ட உச்சியை இப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து வரைகின்றன, கரகரப்பு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். லிமிட்டர் அமுக்கின தபலா திரும்பி வராது. எம்பி3 என்றால் மட்டும் ஒரு சின்ன லாபம் உண்டு: கூரையை ஒட்டி இருந்த பாட்டை எம்பி3 ஆக்கும்போது உச்சிகள் கொஞ்சம் கூரைக்கு மேலே போய்விடும், ஓட்டும்போது அங்கே புதிதாக ஒரு வெட்டு விழும். எம்பி3கெய்ன் கொண்டு 1.5 டெசிபெல் படிகளாக இறக்கினால் அந்தப் புது வெட்டு போய்விடும், பழைய வெட்டு அப்படியே இருக்கும்.

மோல்மீன்காரன்:

இதில் வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு நசுக்கியும் இப்போது அவர்களுக்கு லாபம் இல்லை. ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் சுமார் மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) என்ற அளவுக்குச் சத்தமான பாட்டுகளை இறக்கிவிடுகின்றன. யூடியூபில் பாட்டின்மேல் வலது கிளிக் செய்து "ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" பாருங்கள், கன்டென்ட் லவுட்னஸ் 6 டெசிபெல் என்று காட்டினால் அந்தப் பாட்டைப் பாதி வால்யூமுக்கு இறக்கி ஓட்டுகிறார்கள் என்று அர்த்தம். கத்தியதெல்லாம் வீண், தபலா போனதுதான் மிச்சம்.

தமுவே தம்பி:

எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். ரீப்ளேகெய்ன் பழையதற்கு மைனஸ் 1.6 டெசிபெல், புதியதற்கு மைனஸ் 9.4. டிஆர் பழையது 13, புதியது 6. தபலா இடத்தைப் பெரிதாக்கினால் உச்சி மேசை மாதிரி தட்டை. சத்தத்தைச் சமமாக்கி அம்மாவை உட்காரவைத்து, எது எது என்று சொல்லாமல் போட்டேன், புதியது வந்ததும் "இது ஏன் ரேடியோவில் கேட்கிற மாதிரி இருக்கு" என்றார். மாமா கடைக்கு பழையதையே விஎல்சி கம்ப்ரெசரில் போட்டுக் கொடுத்துவிட்டேன், அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஒரே ஒரு சிக்கல் பாக்கி. பழைய சிடியில் ஏழாவது பாட்டில் கீறல், கணினி அந்த இடத்தில் திணறி டக் டக் என்கிறது. அந்த ஒரு பாட்டை மட்டும் புதிய சிடியிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா?

கேசட்கடை:

கடைசி வழியாக எடுத்துக்கொள்ளுங்கள், 8 டெசிபெல் இறக்கி வையுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பாட்டு வரும்போது தூக்கிவாரிப் போடும். அதற்கு முன் சிடியை வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டுக் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். பிறகு வேறு டிரைவில் மெதுவான வேகத்தில் எடுத்துப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்ட சிடியை இன்னொன்று படித்துவிடும். எழுத்து அச்சிட்ட பக்கத்தில் கீறல் என்றால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது, தகவல் இருக்கும் படலம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

தமுவே தம்பி:

அடிப்பக்கம்தான் அண்ணே. பக்கத்து வீட்டில் பழைய டிவிடி டிரைவ் ஒன்று கிடக்கிறது, கரண்ட் வந்ததும் மாட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.