மூக்கின் உள்ளே எலும்பு முள்: உங்கள் அனுபவம் என்ன?

முதல் பதிவு

பல ஆண்டுகளாக எனக்கு இடப்பக்க மூக்கு அடைத்தபடியே இருந்தது. வெயில் காலத்தில் அவ்வப்போது இரத்தமும் கசியும். நடுத்தண்டு வளைந்திருப்பதோடு அதில் ஓர் எலும்பு முள்ளும் நீட்டிக்கொண்டிருப்பதாகக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சொன்னபோது, வெளியே தெரியும் மூக்கெலும்பை உடைத்துத்தான் சரிசெய்வார்கள் என்று வீட்டில் எல்லோரும் பயந்துவிட்டார்கள். இந்தப் பயம் பலருக்கும் இருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இரு கண்களுக்கும் நடுவே விரல் வைத்தால் தட்டுப்படுபவைதான் மூக்கெலும்புகள். நீள்சதுர வடிவிலான அந்த இரண்டு சிறிய எலும்புகளும் மேலே நெற்றி எலும்போடும் பக்கவாட்டில் மேல்தாடை எலும்போடும் இணைந்திருக்கின்றன. விரலைச் சற்றுக் கீழே இறக்கினால் எலும்பு முடிந்து, அமுக்கினால் நெகிழ்ந்துகொடுக்கும் குருத்தெலும்பு தொடங்கிவிடும். முள் இருந்ததோ மூக்கின் உள்ளே, இரு துளைகளையும் பிரிக்கும் நடுத்தண்டில். அந்தத் தண்டு முன்புறம் குருத்தெலும்பாலும், பின்புறம் மேலே எத்மாய்டு எலும்பின் மெல்லிய தகட்டாலும், கீழே வோமர் எலும்பாலும் ஆனது; இவை பொருந்தும் விளிம்புகளில்தான், வளர்ச்சி ஒரே சீராக இல்லாமலோ சிறுவயதில் அடிபட்டோ, இத்தகைய முள் பெரும்பாலும் உருவாகிறது.

சிடி ஸ்கேன் படத்தில், வெள்ளைக் கோடாக இறங்கி வந்த தண்டு மூக்கின் அடித்தளத்துக்குச் சற்று மேலே ரோஜாச் செடியின் முள்ளைப் போல இடப்பக்கம் கூராகத் திரும்பி, கீழ் டர்பினேட் என்னும் சதைமடிப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. என்டோஸ்கோப் திரையில் அதே முனையின் மேல் சவ்வு மெலிந்து வெளிறியிருந்தது. ஓரத்தில் காய்ந்த இரத்தப் பொருக்கு ஒட்டியிருந்தது. மூச்சுக்காற்று அந்த மேட்டில் பட்டுச் சவ்வை உலர்த்துவதே கசிவுக்குக் காரணம் என்று மருத்துவர் விளக்கினார். அறுவை சிகிச்சையை மூக்குத் துளை வழியாகவே செய்தார்கள். சவ்வை மெல்லப் பிரித்து உயர்த்தி, முள்ளையும் வளைந்த பகுதியையும் அகற்றிவிட்டு, சவ்வை மீண்டும் படிய வைத்தார்கள். வெளியே தழும்பில்லை, மூக்கின் வடிவமும் மாறவில்லை, இப்போது இடப்பக்கமாகத் தாராளமாக மூச்சு விட முடிகிறது.

மறுமொழி

எனக்கும் இதே முள் உண்டு. ஆனால் அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. தலைவலிக்காக எடுத்த ஸ்கேனில் அது தெரிந்ததும், அதுதான் காரணம் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். மருத்துவர் அவசரப்படவில்லை. வலி இருந்த வேளையில், மரத்துப்போகச் செய்யும் மருந்தில் நனைத்த பஞ்சை முள் தொடும் இடத்தில் வைத்து, வலி தணிகிறதா என்று பார்த்தார், தணியவில்லை. பிறகு அது ஒற்றைத் தலைவலி என்று தெரிந்து, அதற்குரிய மருந்திலேயே நன்றாகக் குறைந்துவிட்டது. எந்தத் தொந்தரவும் இல்லாத பலருக்கும் இத்தகைய முள் இருக்கும் என்பதால், ஸ்கேன் அறிக்கையில் அந்த வரியைக் கண்டவுடன் யாரும் கலங்க வேண்டாம்.

இன்னொன்றையும் அவர் அழுத்திச் சொன்னார். அடைப்புக்காக மருந்துக் கடையில் நாமாக வாங்கும் சைலோமெட்டாசொலின் சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது; தொடர்ந்தால் மருந்தின் வேகம் இறங்கியதும் உள்ளிருக்கும் சதை முன்பைவிட அதிகமாக வீங்கும். உப்புநீரால் மூக்கைக் கழுவுவோர், குழாய்த் தண்ணீரை அப்படியே பயன்படுத்தாமல், கொதிக்க வைத்து ஆறிய நீரையே பயன்படுத்துங்கள்.