கலைகளில் மக்கள் பங்கேற்பை எப்படி அளப்பது?

கேள்வி (முதுகலை மாணவி):
வணக்கம். அமெரிக்காவின் தேசியக் கலை நிதியம் 1982 முதல் நடத்திவரும் கலைப் பங்கேற்பு ஆய்வைப் படித்துவருகிறேன். ஓபரா, ஜாஸ், பாலே, நாடகம், ஓவியக் காட்சியகம் போன்றவற்றுக்குச் சென்றோரை முன்னிறுத்துவது, வீட்டில் பாடுவோரையும் பின்னல் வேலை செய்வோரையும் ஓரங்கட்டுவதாகாதா?

மறுமொழி 1:
முழுவதும் அப்படியில்லை. கலையை ஆக்குவோரைப் பற்றியும் தனிக் கேள்விகள் உண்டு. செய்திகளில் அடிபடுவது மட்டும் வருகைக் கணக்குதான். கடந்த 12 மாதங்களில், பள்ளி நிகழ்ச்சிகள் நீங்கலாக, நாடகத்துக்குச் சென்றீர்களா என்று கேட்பதால், மகளின் பள்ளி நாடகத்தை மட்டும் பார்த்த தந்தை செல்லாதவராகவே பதிவாகிறார். எனக்கு இது உறுத்தலாகவே இருக்கிறது.

மறுமொழி 2:
உறுத்தல் நியாயமே. எனினும் கேள்விகள் மாறாமலிருந்ததால்தான், சமூகவியலாளர் ரிச்சர்ட் பீட்டர்சன் 1982, 1992 தரவுகளை ஒப்பிட்டு, உயர்கலை ரசிகர்கள் வெகுசன இசையையும் முன்பைவிட விரிவாக ரசிக்கத் தொடங்கியதைக் காட்ட முடிந்தது. இங்கிலாந்தில் 2005இல் தொடங்கிய 'டேக்கிங் பார்ட்' என்ற கலைப் பங்கேற்பு ஆய்வு நேர்காணல் வழி நடந்தது. அதற்குப் பதிலாக 2021இல் வந்த ஆய்வு பெரும்பாலும் இணையவழி நடப்பது. முறை மாறிவிட்டதால், இவ்விரண்டின் விழுக்காடுகளை ஒரே வரைபடத்தில் இணைத்துவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. அப்படியானால் வருகையையும் ஆக்கத்தையும் தனித்தனி அத்தியாயங்களாகவே எழுதுகிறேன்.