நானே செஞ்ச இழைப்புளி (மரம் சீவுற கருவி) தடதடன்னு குதிக்குது, சீவல் வேற அதோட வாய்ல அடைச்சுக்குது. என்ன தப்பு?

பால்கனி தச்சன்:
வணக்கம் மக்களே. வீடு பெங்களூர் ராமமூர்த்தி நகர், வேலை ஐடில, சனி ஞாயிறு பால்கனில மரத்தூள். மைசூர் ரோடு டிம்பர் யார்டு லேஅவுட்ல தேக்குத் துண்டு ஒண்ணு கிடைச்சுது, அத வெச்சு ஜேம்ஸ் கிரெனோவ்ங்கற மரவேலைக்காரரோட ஸ்டைல்ல இழைப்புளி செஞ்சேன், அதாவது முழுக் கட்டைய குடையாம ரெண்டு பக்கமும் பலகையா அறுத்து எடுத்துட்டு நடுக்கட்டைய மட்டும் 45 டிகிரில வெட்டி திரும்ப ஒட்டுறது. நீளம் 10 இன்ச், பிளேடு 2 இன்ச். பிளேடு கை முடிய மழிக்குது, அதுல குறை இல்ல. ஆனா மரத்துல வெச்சு தள்ளுனா தடதடன்னு குதிக்குது, நாலு தள்ளுக்கு ஒரு தரம் வாய்ல, அதாவது பிளேடு நுனி வெளிய வர்ற அடிப்பக்க இடுக்குல, சீவல் அடைச்சுக்குது, குச்சி விட்டு நோண்டி நோண்டி அலுத்துப்போச்சு. கீழ் வீட்ல வேற சத்தம்னு புகார்.

சும்மா வந்தவன்:
பாஸ் தேக்குல யாராவது இழைப்புளி செய்வாங்களா, அடி சீக்கிரம் தேஞ்சிடும். ஆன்லைன்ல இரும்புது ஒண்ணு வாங்கிட்டுப் போங்க.

எழப்புளி வீட்டுப் பையன்:
தேயறது பத்து வருஷத்துக்கு அப்புறம் வர்ற கவலை, இவருக்கு இன்னிக்கே குதிக்குதே. எங்கப்பா ஆசாரி, சின்ன வயசுலயே இதுல அடி வாங்கியிருக்கேன். தம்பி, உங்களுக்கு ஆப்பு வெச்சது பிளேட இறுக்கிப் பிடிக்கிற அந்த ஆப்புதான். அது பிளேட மேல மட்டும் அமுக்குது, வாய்கிட்ட பிளேடு சும்மா தொங்குது, அதான் நடுங்குது. நடுங்குறது மரமில்ல, பிளேடு. பிளேடோட பின்பக்கம் பென்சில் கிறுக்கி ஆப்பு இறுக்கி கழட்டிப் பாருங்க, கரி வாய்க்குப் பக்கத்துல கட்டையில ஒட்டலன்னா அங்க பள்ளம். மேல இருக்குற மேட்ட சீவி சமமாக்கி, ஆப்போட கீழ்ப்பாதி, அது முட்டி நிக்கிற குறுக்குக் குச்சிக்குக் கீழ வரைக்கும் பிளேட நல்லா அழுத்துற மாதிரி செதுக்குங்க. நுனிய மெலிசா, சீவல் வழுக்கிட்டுப் போற சரிவுல விடணும், மொட்டையா நின்னா அங்கதான் சீவல் முட்டி மடங்கும்.

ஹலசூர்க்காரி:
இன்னொண்ணு, அடிய எப்படி சமப்படுத்துனீங்க? ஆப்பு இறுக்கி, பிளேட உள்ள ஒரு சுண்டு இழுத்து வெச்சுட்டுதான் கண்ணாடி மேல உப்புத்தாள் ஒட்டி தேய்க்கணும். ஆப்பு இல்லாம தேய்ச்சு அப்புறம் இறுக்குனா அந்த அழுத்தத்துல கட்டை லேசா வளையும், உழைப்பு வீண். வாயும் எவ்ளோ இருக்குன்னு சொல்லல நீங்க. மெல்லிசா இழைக்க அரை மில்லிமீட்டர் போதும், கட்டையா எடுக்கணும்னா கொஞ்சம் தாராளமா. தேக்குல எண்ணெய் இருக்கும், ஒட்டுறதுக்கு முன்னாடி தின்னர் போட்டு துடைச்சீங்களா? இல்லன்னா ஒருநாள் பக்கப்பலகை கழண்டு கையோட வரும் :)

பால்கனி தச்சன்:
தின்னர் போடல... பயமா இருக்கு இப்போ. பென்சில் வெச்சுப் பார்த்தேன் அண்ணா, நீங்க சொன்னதேதான், மேல மட்டும் கறுப்பு, கீழ துளி இல்ல. கட்டைய சரி பண்ணி புது ஆப்பு செஞ்சேன், இந்த தடவ ஹொன்னே கட்டையில, அதான் நம்ம வேங்கை. குதிக்கறது நின்னுடுச்சு! சீவல் சுருண்டு மேல வருது, எதிர்ல பேப்பர் வெச்சா எழுத்து தெரியற அளவுக்கு மெலிசு. ஆனா பிளேட ஏத்துறது இறக்குறது கைக்கு வரல, ஒவ்வொரு தரமும் ஆப்ப கழட்டி மாட்டுறேன்.

எழப்புளி வீட்டுப் பையன்:
கழட்டாதீங்க. ஆழம் வேணும்னா பிளேடு தலையில லேசா ஒரு தட்டு, குறைக்கணும்னா கட்டையோட பின்புறத்துல சுத்தியால ஒரு தட்டு, தானா மேல ஏறும். அப்புறம் ஆப்ப மறுபடி சின்னதா ஒரு தட்டு தட்டி இறுக்கிக்கோங்க. சின்ன சுத்தியா வாங்குங்க, கீழ் வீட்டுக்காரங்களுக்காகவாவது.