ஏற்காட்டில் ஜிபிஎஸ் காட்டும் இடம் டோப்போ ஷீட்டோடு பொருந்தவில்லை

மலைத்தடம்:
கார்மின் இட்ரெக்ஸ் 30, காம்பஸ், பழைய 58 ஐ/1 டோப்போ ஷீட் (சர்வே ஆஃப் இந்தியாவின் நிலவரைபடம்) மூன்றும் கையில் உண்டு. ஜிபிஎஸ் தரும் அட்சரேகை, தீர்க்கரேகையை ஷீட்டில் குறித்தால், நிற்கும் இடத்துக்கு வடமேற்கே 4 மி.மீ. தள்ளி விழுகிறது. கருவியில் கோளாறா? மூடுபனி இறங்கினால் எதை நம்பி நடப்பது?

காபிக்காடு:
கருவி சரியாகத்தாங்க இருக்கு. 1:50,000 ஷீட்டில் 4 மி.மீ. என்றால் 200 மீட்டர். பழைய ஷீட் எவரெஸ்ட் டேட்டத்தில் (அட்சரேகை, தீர்க்கரேகையை அளக்க எடுத்துக்கொள்ளும் பூமி மாதிரி) வரைந்தது, ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு டேட்டத்தில் ஓடுவது. நம் பக்கம் இரண்டுக்கும் வித்தியாசமே ஏறக்குறைய அவ்வளவுதான். சர்வே ஆஃப் இந்தியாவின் ஓபன் சீரிஸ் ஷீட் டபிள்யூஜிஎஸ் 84இலேயே வருகிறது, அதற்கு மாறிவிடுங்கள். பழையதுதான் வேண்டுமென்றால், சேர்வராயன் கோயில் மாதிரி ஷீட்டில் தெளிவாக இருக்கும் இடத்தில் நின்று விலகலை அளந்து ஓரத்தில் எழுதிவையுங்கள். ஷீட் முழுக்க அதே திருத்தம்தான்.

யூடிஎம் (இடத்தை மீட்டர் கணக்கில் சொல்லும் கட்ட முறை) பயன்படுத்தினால் ஒரு எச்சரிக்கை: சேலம், ஏற்காடு மண்டலம் 44; 78 டிகிரிக்கு மேற்கே இருக்கும் மேட்டூர் 43. எல்லையில் கிழக்கு எண் (ஈஸ்டிங்) 8 லட்சத்துச் சொச்சத்திலிருந்து 1.7 லட்சத்துக்குத் தாவும்.

கஞ்சமலையான்:
காம்பஸ் பற்றி நான் சொல்கிறேன். இங்கே காந்த விலகல் (முள் உண்மை வடக்கிலிருந்து விலகும் கோணம்) மேற்கே சுமார் ஒன்றரை டிகிரிதான். அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் கிலோமீட்டருக்கு 25 மீட்டர் போல தள்ளிப்போகும். ஜிபிஎஸ்ஸில் நார்த் ரெஃபரன்ஸை ‘மேக்னடிக்’ என்று வைத்துவிட்டால் அந்தக் கணக்கும் தேவையில்லை. ஐரோப்பாவுக்குச் சமன்செய்த காம்பஸாக இருந்தால் இங்கே முள்ளின் தென்முனை தாழ்ந்து தட்டில் உரசும். குளோபல் முள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

சேலத்துக்கு அருகே கஞ்சமலைப் பக்கம் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். பாறையில் மேக்னடைட் (காந்தத்தன்மையுள்ள இரும்புத்தாது) இருப்பதால் முள் இழுபடும். ஒரு பாறையை நோக்கிக் கோணம் எடுங்கள், அங்கே போய்த் திரும்பிப் பாருங்கள். 180 டிகிரி வித்தியாசம் வரவில்லையென்றால் இரண்டில் ஓர் இடத்தில் முள் ஏமாறுகிறது. ஜிபிஎஸ்ஸுக்குள் இருக்கும் மின்னணு காம்பஸும் அப்படியே ஏமாறும். அதை அணைத்துவிட்டு 50 மீட்டர் நேராக நடந்தால், நகர்வை வைத்துச் சொல்லும் திசை சரியாக இருக்கும்.

காபிக்காடு:
பனிக்குள் நடக்க: எங்கே நிற்கிறோம் என்பதற்கு ஜிபிஎஸ், எந்தப் பக்கம் என்பதற்கு காம்பஸ். ஜிபிஎஸ் தரும் கோணத்தை காம்பஸில் வைத்து, கண்ணுக்குத் தெரியும் கடைசி மரத்தைக் குறிவைத்துப் போங்கள், அங்கிருந்து அடுத்த மரம். கால் மணிக்கு ஒருமுறை இடத்தைச் சரிபார்த்தால் போதும்.

ஜிபிஎஸ்ஸில் போகும் இடத்தைக் காட்டும் ‘கோ டு’ அம்பு நேர்கோட்டில்தான் இழுக்கும், நடுவே பாறைச் சரிவு இருப்பது அதற்குத் தெரியாது. அதனால் முகடு திரும்பும் இடமெல்லாம் ஒரு வேபாயின்ட் (கருவியில் சேமிக்கும் இடக்குறி) வையுங்கள். சில்வர் ஓக் நிழலில் துல்லியம் கெடும். பிழை 10 மீட்டருக்குக் கீழே இறங்கும்வரை நின்று பாருங்கள். உங்கள் மாடலில் காற்றழுத்த உயரமானி உண்டு. தெரிந்த உயரத்தில் திருத்திக்கொண்டால் எந்தக் கான்டூரில் (ஷீட்டில் சம உயரத்தைக் காட்டும் கோடு) நிற்கிறீர்கள் என்று சொல்லும். அழுத்தம் 1 மில்லிபார் மாறினால் 8, 9 மீட்டர் பிசகும், மழை நாளில் இடையிடையே திருத்துங்கள்.

காப்புக்காட்டுக்கு வனத்துறை அனுமதி கட்டாயம்.